பே என்றால் பேட்டரி

ஜனவரி 12

ஐயா,

வணக்கம். ஐந்து வாரத்துக்கு முன்னால் உங்களிடமிருந்து அந்தக் கருநீலச் சின்ன ஹேட்ச்பேக்கை வாங்கிப் போனவள் நான். சாவியைக் கையில் கொடுத்த பிறகும் நீங்கள் வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தீர்கள். டயரை உதைத்துப் பார்க்க வேண்டியவள் நான், உதைத்தது நீங்கள்.

போன வாரம் உங்களுக்குப் போன் செய்தேன். "போன்ல பேசுறது எனக்கு வராதுங்க. எழுதிக் கேளுங்க, பதில் போடுறேன்" என்று புதிய ஊர் விலாசத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். எனக்கு எழுத வரும், அதுவும் நிறைய வரும். இனி வருவதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு.

முதலில் வீட்டு நிலவரம். நாங்கள் ஐந்து பேர். வண்டிக்கு ஐந்து கதவு, ஐந்து இருக்கை, ஆகவே கணக்கு சரி என்று சொல்லித்தான் என் கணவரைச் சம்மதிக்க வைத்தேன். அவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், கணக்கு சரியாக இருந்தால் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் பின் இருக்கையின் அகலத்தை நான் சொல்லவில்லை. இப்போது பிள்ளைகள் இருவரும் பாட்டியின் இரண்டு பக்கமும் செருகப்பட்டு வருகிறார்கள். மாமியாருக்கு வண்டி ரொம்பத் தாழ்வு. இறங்கும்போது யாராவது இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டும். சஸ்பென்ஷன் இறுக்கமாக இருப்பதால் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் அவர் தனித்தனியாக அறிவிக்கிறார். பிள்ளைகளுக்கோ 'ஸ்போர்ட்' என்று எழுதிய பட்டனைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. டிக்கியில் ஒரு வாரத்துச் சாமான் வைத்தால் குடைக்கு இடமில்லை. எனக்கு வண்டி ரொம்பப் பிடித்திருக்கிறது. மூன்றாவது கியரில் ஒரு வளைவைக் கடந்து மேலேறும்போது, நாற்பத்தொரு வயதுக்காரி என்பதை மறந்துபோகிறேன்.

இனி கேள்விகள்.

ஒன்று. வெயில் ஏறினால் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து குளோரின் வாசம் வருகிறது. ஏன்?

இரண்டு. அறுபதில் போகும்போது எங்கிருந்தோ 'டிக்' என்று ஒரு சத்தம். ஐம்பத்தைந்திலும் இல்லை, அறுபத்தைந்திலும் இல்லை. நான் மருத்துவமனையில் காது சோதிப்பவள். சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்ப்பதுதான் பிழைப்பு. எனக்கு ஒரு சத்தம் கேட்டுவிட்டால் தூக்கம் போய்விடும்.

மூன்று. டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை விட்டுப் போயிருக்கிறீர்கள். தேதி, கிலோமீட்டர், குறிப்பு என்று கட்டம் போட்டு ஒழுங்காக எழுதியிருக்கிறது. 'ஆ.மா.' என்றால் ஆயில் மாற்றம், 'கா.' என்றால் டயருக்குக் காற்று, இவை புரிந்துவிட்டன. 'பே' என்றால் என்ன? கடைசிப் பக்கங்களில் பே 14, பே 13, பே 12, பே 12, பே 11, பே 6 என்று இறங்கிக்கொண்டே போகிறது. பிறகு ஒரு நாள் பே 0, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் இரண்டு வட்டம். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வண்டி தொள்ளாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

என் கணவர் பார்த்தவுடனே சொன்னார்: "பே என்றால் பேட்டரி. வோல்ட் இறங்கி இறங்கிக் கடைசியில செத்துப்போயிருக்கு." பழுதை மறைத்து விற்றுவிட்டீர்கள் என்கிறார். உங்கள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை என்றேன். முகத்துக்கு உத்தரவாதச் சீட்டு கிடையாது என்கிறார். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வண்டியின் புதிய சொந்தக்காரி


ஜனவரி 25

அம்மா,

கடிதம் கிடைத்தது.

1. வாசம்: நீச்சல் குளத்துத் தண்ணீர். ஈரத் துண்டோடு பல வருடம் உட்கார்ந்த இருக்கை. இருக்கை உறையைக் கழற்றி வெயிலில் போட்டால் குறையும், முழுதாகப் போகாது.

2. டிக் சத்தம்: எனக்குக் கேட்டதில்லை. இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக் வேலை. மோட்டார் அறையில் காது போய்விட்டது.

3. பே: அது வண்டிக்குச் சம்பந்தமில்லாதது. பழுது எதையும் நான் மறைக்கவில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டாம்.

நீங்கள் கேட்காதது: எஞ்சின் சூடாகும் முன் ஸ்போர்ட் பட்டனைத் தொடக் கூடாது. பிள்ளைகளிடம் சொல்லவும். ஆறாவது கியர் சற்று முனகும், அது அதன் சுபாவம். அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்


பிப்ரவரி 8

ஐயா,

பேட்டரியை மாற்றிவிட்டோம்.

கோபப்படாதீர்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாள் என் கணவர் மாற்றிவிட்டு வந்து நின்றார். பழைய பேட்டரியைச் சோதித்த மெக்கானிக், "இதை எதுக்கு சார் கழட்டினீங்க, இன்னும் மூணு வருஷம் உழைக்குமே" என்றாராம். அதை அவரே வந்து என்னிடம் ஒப்புக்கொண்டார், பாவம். கணக்கு வாத்தியாருக்கு விடை தப்பானால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

ஆனால் விடை தப்பு என்றால் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஆரம்பப் பக்கங்களில் பே 21, பே 19, பே 20 என்றெல்லாம் வருகிறது. கார் பேட்டரியில் அவ்வளவு வோல்ட் வரவே வராதாம். எந்த இடத்திலும் 22-ஐத் தாண்டவில்லை. எல்லாமே சனிக்கிழமைகள். சனிக்கிழமை மட்டும் கெட்டுப்போகும் பாகம் எந்த வண்டியில் இருக்கிறது, சொல்லுங்கள்.

டிக் சத்தத்தைப் பிடித்துவிட்டேன். கணவரை அறுபதிலேயே ஓட்டச் சொல்லிவிட்டு நான் ஒவ்வொரு இருக்கையாகக் காதை வைத்துப் பார்த்தேன். ஒரே சாலையில் பதினொரு தடவை போய்வந்தோம். ஒரு கடைக்காரர் வெளியே வந்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார். கடைசியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் தண்டவாளத்துக்கு அடியில் விரலை விட்டால் ஒரு சாவி. சின்ன வளையத்தில் 31 என்று எண் போட்ட தகரம். அதுதான் இத்தனை நாளாக அறுபதில் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. இது எதன் சாவி?

இப்போது கொஞ்சம் கறாராகக் கேட்கிறேன். என் பிள்ளைகள் அந்த வண்டியில்தான் வருகிறார்கள். "வண்டிக்குச் சம்பந்தமில்லாதது" என்று எழுதினால் எனக்கு எப்படி நிம்மதி வரும்? சம்பந்தமில்லாததை வண்டி நோட்டில் ஏன் எழுதினீர்கள்? அதைச் சுற்றி ஏன் இரண்டு வட்டம்? கணவர் இப்போது வண்டியையே கொடுத்துவிட்டு உயரமாக, அகலமாக, அம்மா இறங்குவதற்குச் சிரமமில்லாமல் ஒன்று வாங்கலாம் என்கிறார். பள்ளி விடுமுறை வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன். பதில் இல்லையென்றால் அவர் சொல்வதற்கு நான் தலையாட்ட வேண்டியதாகிவிடும். எனக்கு மனசில்லை.

நோட்டைத் தூக்கிப் போடவில்லை.

இப்படிக்கு,
பு.சொ. (புதிய சொந்தக்காரி. சுருக்கி எழுத எனக்கும் வரும்.)


பிப்ரவரி 20

அம்மா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

பே என்றால் பேசினாள்.

எனக்கு ஒரு மகள். அவளுக்குப் பதினான்கு வயதில் அவள் அம்மாவும் நானும் பிரிந்தோம். அவள் அம்மாவோடு இருந்தாள். வெள்ளி மாலை என் வீட்டுக்கு வருவாள், சனிக்கிழமை காலை நான் அவளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போவேன், பயிற்சி முடிந்ததும் அவள் அம்மா வீட்டில் விடுவேன். என் வீட்டிலிருந்து குளம் இருபத்திரண்டு கிலோமீட்டர்.

வீட்டில் அவள் என்னோடு பேச மாட்டாள். தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள். நானும் பேசுகிறவன் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தால் சுவர்க் கடிகாரம்தான் பேசும். காரில் மட்டும் கொஞ்ச தூரம் போன பிறகு ஏதாவது சொல்வாள். இரண்டு பேருமே சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இருக்கலாம். முதல் தடவை பாலம் தாண்டி வாயைத் திறந்தாள், மீட்டரில் கிளம்பியதிலிருந்து இருபத்தொரு கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். லிஃப்ட் எந்த மாடியில் சிக்குகிறது, எந்த மாடியில் கதவு திறக்கிறது என்று எழுதி எழுதிப் பழகிய கை. சில சனிக்கிழமை பேசவே மாட்டாள். அன்றைக்கு எதுவும் எழுதுவதில்லை.

இந்த வண்டியை வாங்கியதும் அவளுக்காகத்தான். ஒரு கடை வாசலில் இதை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். தனியாக இருக்கிற மனிதனுக்கு இத்தனை வேகமான வண்டி எதற்கு என்று வேலையிடத்தில் கேலி செய்தார்கள். ஐந்து கதவு இருக்கிறது, குடும்ப வண்டிதான் என்று சொன்னேன். உங்கள் கணவரிடம் நீங்கள் சொன்னதைப் படித்ததும் சிரித்தேன்.

எண் குறைந்துகொண்டே வந்தது. பேட்டரி இறங்குகிறது என்று உங்கள் கணவர் நினைத்தது எனக்கு ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நாள், நான் சாவியைத் திருகும் முன்னாலேயே, "அப்பா, இன்னைக்கு நான் ஓட்டட்டுமா?" என்றாள். பழகுநர் உரிமம் வாங்கியிருந்தாள், எனக்குத் தெரியாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன சொன்னேன் தெரியுமா? "இது வேகமான வண்டி. உனக்கு அடங்காது."

அதற்கும் அவள் கோபப்படவில்லை. போகும் வழியெல்லாம் என்னோடு வாதாடினாள். வழியில் பெட்ரோல் போட்டோம். பெட்ரோல் போட்டு ஏறியபோது வாயை மூடியிருந்தாள். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை வந்தாள், ஒரு வார்த்தை இல்லை. நான்காவது சனிக்கிழமை வரவில்லை. பதினான்கு மாதம் ஆகிறது. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இங்கே மாற்றல் வந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருக்கிற வண்டியை ஓட்டப் பிடிக்கவில்லை. விற்றேன்.

சாவி குளத்து லாக்கருடையது. நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணவருக்கு என் வருத்தத்தைச் சொல்லவும். இதைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்


மார்ச் 9

ஐயா,

கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். கேட்கவில்லை. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் கணவர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய், கழற்றிய பழைய பேட்டரியைத் துணியால் துடைத்து அலமாரிக்கு மேல் வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, சும்மா என்றார்.

ஆனால் இப்போது நடந்ததை எழுதாமல் இருந்தால் அது பாவம்.

போன சனிக்கிழமை வேலை முடிந்து மருத்துவமனைக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்தேன். குளத்துக்குப் போகிற சாலை எங்கள் மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தலை ஈரம் காயாத ஒரு பெண், தோளில் பை, வண்டியின் மேல் கை வைக்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் கேட்டது இதுதான்:

"இந்த வண்டி அறுபதுல போறப்ப டிக்னு ஒரு சத்தம் வருமே, இன்னும் வருதா?"

ஐயா, அந்தச் சத்தம் இந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் கேட்டிருக்கிறது. நான் பையிலிருந்து 31-ஐ எடுத்து நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அதைத் தொலைத்ததற்காகக் குளத்தில் ஈர உடையோடு அரை மணி நேரம் நிற்க வைத்தார்களாம். காலடியிலேயே இருந்திருக்கிறது.

உங்களை எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. வண்டியை வாங்கினவள் என்று மட்டும் சொன்னேன். அவளாகத்தான் கேட்டாள், உள்ளே ஒரு நோட்டு இருந்ததே, அது இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். முகம் மாறிவிட்டது.

"பெட்ரோல் போடுறப்ப துடைக்கறதுக்குத் துணி தேடினேன், அப்பதான் பார்த்தேன். நான் எத்தனை கிலோமீட்டர் பேசாம வந்தேன்னு வாராவாரம் எழுதி வச்சிருக்காரு. பே இருபத்தொண்ணு, பே பத்தொன்பது. பேசலை, பேசலை, பேசலைன்னு. லிஃப்ட் ரிப்பேர் எழுதற மாதிரி."

புரிகிறதா? அவள் கோபம் 'அடங்காது' என்று நீங்கள் சொன்னதற்கு இல்லை. அதை அவள் மறந்தேபோய்விட்டாள் என்று நினைக்கிறேன். பேசினாள் என்று நீங்கள் எழுதியதைப் பேசவில்லை என்று படித்திருக்கிறாள். இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்று. அதைவிடக் கொடுமை, இரண்டுக்கும் எண்ணும் ஒன்றுதான். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் பேசினாள் என்றாலும் பத்தொன்பது, பத்தொன்பது கிலோமீட்டர் பேசவில்லை என்றாலும் பத்தொன்பது. நான் பேட்டரி என்று படித்தேன், அவள் குற்றப்பத்திரிகை என்று படித்தாள்.

வாய் நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது உங்கள் வார்த்தை, அதை நான் செலவழிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் நோட்டை வாங்கிப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். குறை எழுதுகிறவர் என்றால், முழுக்கப் பேசாத நாளில் 22 என்று எழுதியிருப்பார். அந்த நாளெல்லாம் காலியாக இருக்கிறது. பேசாத தூரம் பூஜ்யம் என்று எவனும் புகார் எழுதி அதைச் சுற்றி வட்டம் போட மாட்டான். அவள் நோட்டைப் பார்த்தது பெட்ரோல் போடும்போது. பே 0-ஐ நீங்கள் எழுதியது அன்றைக்கு வீடு திரும்பிய பிறகு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவள் பார்த்ததில்லை.

காட்டட்டுமா? அவள் சனிக்கிழமைதோறும் அந்த வழியாகத்தான் போகிறாள். ஒரு வரி எழுதுங்கள், போதும்.

இப்படிக்கு,
பொறுமை கெட்டுப்போன பு.சொ.


மார்ச் 14

அம்மா,

காட்டுங்கள்.

இல்லை, வேண்டாம். அவளுக்கு யாரும் எடுத்துச் சொன்னால் பிடிக்காது.

மேலே எழுதியதை அடிக்கவில்லை. இரண்டையும் அப்படியே விடுகிறேன். என் நிலைமை அதுதான்.

லிஃப்ட் நோட்டில் நாங்கள் பழுதை மட்டும்தான் எழுதுவோம். ஓடுகிற நாளைக் காலியாக விடுவோம். அவள் சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து அந்த நோட்டுகளைப் பார்த்து வளர்ந்தவள். அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தால் பழுது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். தப்பு அவள் மேல் இல்லை. நல்ல நாளைக் கொண்டுபோய்ப் பழுது எழுதுகிற கட்டத்தில் எழுதினேன். எனக்கு வேறு கட்டம் தெரியாது.

பதினான்கு மாதமாக 'அடங்காது' என்ற ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பான மாடியில் பழுது தேடியிருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். அந்தச் சிவப்புப் பேனாவை அதற்கென்றே கடைக்குப் போய் வாங்கினேன். அதையும் சொல்ல வேண்டாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

லி.மெ.


மார்ச் 30

ஐயா,

காட்டினேன். இரண்டு வாரம் காத்திருந்தேன். முதல் சனிக்கிழமை அவள் வரவில்லை, நானும் நகத்தைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். முந்தாநாள் வந்தாள். பே 0 பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, கீழே ஏதோ விழுந்தது போல டயரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எதுவும் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது இந்தக் கடிதங்களின் நீளத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

தேதியைப் பார்த்தாள். வட்டத்தை விரலால் தொட்டாள். பிறகு முன்பக்கங்களுக்குப் போனாள். ஒவ்வொரு எண்ணாக, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள். காலியாக இருந்த சனிக்கிழமைகளில் நின்று நின்று படித்தாள். பிறகு வண்டிக்குள் உட்காரலாமா என்று கேட்டாள். அவளுடைய பழைய இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ரொம்ப நேரம் இருந்தாள். அழுதாளா என்று கேட்காதீர்கள், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்றால் இல்லை என்று பொருள்.

இறங்கி வந்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"அப்பா எப்பவும் இப்படித்தான். எதையும் முழுசா எழுத மாட்டாரு, பாதியில நிறுத்திடுவாரு."

உங்கள் மேல் கோபமா, வருத்தமா, பிரியமா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முயன்றேன். தொழில் முறையில் எனக்குக் கொஞ்சம் காது உண்டு. மூன்றும் இருந்தது.

பிறகு கேட்டாள், இந்த வண்டியை ஒரு சனிக்கிழமை காலைக்கு இரவலாகத் தர முடியுமா என்று. உரிமம் வாங்கிவிட்டாளாம். கணவரிடம் கேட்டேன். எஞ்சின் சூடாகும் முன் ஸ்போர்ட் பட்டனைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார், ஏதோ அவரே கண்டுபிடித்த விதி மாதிரி. மாமியாரும் சம்மதம், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

ஏப்ரல் 18, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி, உங்கள் பழைய வீட்டு வாசலிலிருந்து. அவள் வரச் சொல்லவில்லை. "அப்பாவுக்கு எழுதறீங்கன்னா நேரத்தை எழுதிடுங்க" என்றாள். நான் உங்களுக்கு எழுதுகிறேன் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. அவளுக்கு யார் சொன்னது?

பு.சொ.


ஏப்ரல் 6

அம்மா,

ரயில் எட்டு பத்துக்கு வருகிறது. விடுப்பு சொல்லிவிட்டேன்.

அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எல்லாம் கேட்டுவிடும். நான் கதவைத் திறக்கும் சத்தத்தை வைத்தே வேலையில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவாள்.

ஒரு சந்தேகம். நான் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? அந்தப் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை.

என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஏழு வரி வந்தது. மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

லி.மெ.


ஏப்ரல் 20

ஐயா,

வண்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை மாலை வந்து எடுத்துப் போனவள் சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கொண்டுவந்து விட்டாள். நீங்கள் ஏன் கூட வரவில்லை என்று கேட்டேன். திரும்பும் ரயிலுக்கு உங்களை ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னாள். மேலே எதுவும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன். அப்பாவின் மகள்தான், அந்த முகத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. பிள்ளைகள் இரண்டும் அவளைச் சுற்றி நின்று, ஸ்போர்ட் பட்டனை அழுத்தினீர்களா, அழுத்தினீர்களா என்று உயிரை எடுத்தன. ஒரே ஒரு தடவை, பாலத்துக்குப் பிறகு, என்றாள்.

அவள் போன பிறகு டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். யாருடைய நோட்டையும் படிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வண்டி என்னுடையது, பெட்டி என்னுடையது.

உங்கள் கட்டத்திலேயே, உங்கள் கையெழுத்துக்குக் கீழே, சாய்ந்த கையெழுத்தில் புதிதாக ஒரு வரி. தேதி இருக்கிறது, கிலோமீட்டர் இருக்கிறது. குறிப்பு என்ற இடத்தில் 'பே' என்று சுருக்கவில்லை. முழுதாக எழுதியிருக்கிறாள்.

'அப்பா பேசினார். 17.'

நானும் கணவரும் அதைப் பார்த்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வண்டியை விற்கிற பேச்சை அவர் இனி எடுக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது. மாமியார் ஏறி இறங்க ஒரு சின்ன மர முக்காலி செய்து டிக்கியில் போட்டுக்கொள்ளலாம் என்றார். குடையை எங்கே வைப்பது என்று பிறகு யோசிக்கலாம்.

நோட்டை உங்கள் மகளிடம் கொடுக்கலாம் என்று போனில் கூப்பிட்டேன். அது வண்டியோடு இருக்கட்டும், மாதம் ஒரு சனிக்கிழமை இரவல் கேட்க வருவேன் என்றாள்.

இனி நான் கேட்கக் கூடாது. எல்லாம் கேட்டாகிவிட்டது, நீங்களும் எல்லாம் சொல்லிவிட்டீர்கள். ஆனாலும் மனுஷியாகப் பிறந்தவள் இதைக் கேட்காமல் இருக்க முடியுமா? ஏழு வரி மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர், பதினேழு கிலோமீட்டர் வரைக்கும் என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள்?

பு.சொ.


ஏப்ரல் 27

அம்மா,

ஏழு வரியும் முதல் கிலோமீட்டரிலேயே மறந்துவிட்டது.

அவள் கியர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளம் வருமுன் வேகத்தைக் குறைக்கிறாள். ஆறாவது கியர் முனகுவதற்குள்ளேயே ஐந்துக்கு வந்துவிடுகிறாள். பதினேழில் ஒரு பெரிய வளைவு இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதை எடுத்து மேலே ஏறினாள். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "உனக்கு நல்லா அடங்குதும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு அவள்தான் பேசினாள். குளம் வந்தும் இறங்கவில்லை. வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசினோம்.

அறுபதில் சத்தம் வரவில்லை என்று அவளுக்கு ஒரு குறை. அந்தச் சாவியைத் திரும்ப அதே இடத்தில் போட்டுவிட்டாள். உங்களுக்குத் தூக்கம் போனால் நான் பொறுப்பில்லை.

பேட்டரி நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்